சோழவரம் ஓடுதளமும் ஒரு பழைய காரும்



போன வாரம் பெரம்பலூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் பேசினான். "சார், பையன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து வைத்திருக்கிறான். வாங்கி, இன்ஜினில் வேலை பார்த்து இன்னும் வேகமாக்கப் போகிறானாம். நான் சொன்னால் கேட்க மாட்டான், நீங்கள் சொல்லுங்கள்" என்றான். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தானே வரும்?

இந்த ஆசை புதிதல்ல. சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் பந்தயங்களை நடத்தியது.

அன்று வேகமான கார் வாங்க வழியே இல்லை. அம்பாசிடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவ்வளவுதான். இறக்குமதிக்கும் கடும் கட்டுப்பாடு. அதனால் கையில் கிடைத்த காரையே பட்டறையில் பிரித்தார்கள். சிலிண்டர் ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டினார்கள். கார்புரேட்டரையும் சைலன்சரையும் மாற்றினார்கள். சீட்டைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள்.

கோவைக்காரர் கரிவரதன் ஒரு படி மேலே போனார். 1980-களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் இளைஞர்கள் பழக அது வழிசெய்தது. அதில் ஓட்டிப் பழகியவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இவர்கள் வேகத்தைக் காட்டியது தடத்தில். அங்கே எல்லோரும் ஒரே திசையில்தான் போவார்கள். எதிரே யாரும் வர மாட்டார்கள். நம் பெரம்பலூர் நான்குவழிச் சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வரும். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி திரும்பும். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இன்ஜினுக்குச் செலவழிப்பவர்கள் பலர் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கை விரிக்கலாம்.

தம்பி, பையனின் ஆசையைத் திட்டாதே. கார் வாங்கினால் முதலில் ஆர்.சி. புத்தகத்தோடு இன்ஜின், சேஸிஸ் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல். அடுத்து பிரேக்கும் டயரும். வேகம் வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குக் கூட்டிப் போ. நானும் வருகிறேன். அந்தத் தடத்தை நானும் இன்னும் பார்த்ததில்லை.