மெட்டு மாறிய குழந்தைப் பாட்டு

சீர்திருத்தக் காலப் பாடல்களைப் பற்றிப் பேசும்போது, போராட்டத்தின் குரலாய் எழுந்த கீதங்களையே நாம் முதலில் நினைக்கிறோம். அவற்றை இயற்றிய மார்ட்டின் லூத்தர் குழந்தைகளுக்கென்றே ஒரு கிறிஸ்து பிறப்புப் பாடலையும் தந்தார். 1535ஆம் ஆண்டில் விட்டன்பர்க் நகரில் கிளூக் என்பார் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தில் அது வெளிவந்தது. குழந்தைப் பாட்டு என்று அதன் தலைப்பே கூறுகிறது. பதினைந்து அடிகளைக் கொண்ட அப்பாடலின் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

முன்னாள் துறவியான லூத்தர் 1525இல் கத்தரீனாவை மணந்து, தாம் முன்பு வாழ்ந்த மடத்திலேயே குடும்பம் நடத்தினார். 1534ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு நாளில் அவ்வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தனர். மூத்தவன் ஹான்ஸுக்கு வயது எட்டு. கடைக்குட்டி மார்கரெத் அதே டிசம்பரில் பிறந்த பச்சிளங் குழந்தை. அந்நாளில் இப்பிள்ளைகளுக்காகவே லூத்தர் இதை இயற்றினார் என்பது மரபு. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1530இல், கோபர்க் கோட்டையிலிருந்து அவர் ஹான்ஸுக்கு எழுதிய கடிதமும் நமக்குக் கிடைத்துள்ளது. ஜெபிக்கும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் ஓர் அழகிய தோட்டத்தை அதில் அவர் வருணிக்கிறார். அங்கே கனிகளும் சிறு குதிரைகளும் உண்டு. ஊதுகுழலும் முரசும் நடனமும் உண்டு. விளையாட்டைப் பக்திக்குப் பகையாக அவர் எண்ணவில்லை.

பாடலுக்கு அவர் முதலில் எடுத்துக்கொண்ட மெட்டும் விளையாட்டினின்று வந்ததே. தூர தேசத்திலிருந்து செய்தி கொண்டு வந்ததாகச் சொல்லி நுழையும் ஒரு பாடகன், விடுகதை போட்டு மலர்வளையத்தைப் பரிசாகப் பெறும் நாட்டுப்புறப் பாட்டு அது. அப்பாடகனின் இடத்தில் லூத்தர் தேவதூதனை நிறுத்தினார். முதல் ஐந்து அடிகளில் தூதன் நற்செய்தி கூறுகிறான். பின்னர் வீட்டார் மேய்ப்பரோடு சேர்ந்து முன்னணைக்குச் சென்று பாலகனை வரவேற்கின்றனர். முடிவை நெருங்குகையில் துள்ளலும் தாலாட்டும் இடம்பெறுகின்றன. லூக்கா இரண்டாம் அதிகாரம் இவ்வாறு ஒரு வீட்டு விளையாட்டாக மலர்ந்தது. ஒருவர் பாட மற்றவர் மறுமொழி பாடும் இவ்வமைப்பில் பெற்றோர் வெறும் பார்வையாளராக இருக்க இயலாது.

1539இல் லைப்சிக் நகரில் வாலன்டின் ஷூமான் வெளியிட்ட நூலில் இப்பாடல் வேறொரு மெட்டுடன் காணப்படுகிறது. கம்பீரமான அம்மெட்டே நிலைபெற்றது, பாடலும் ஆலயத்துக்குரியதாயிற்று. 1734இல் யோகான் செபஸ்தியான் பாக் தம் கிறிஸ்து பிறப்பு இசைநாடகத்தின் முதற்பகுதியை எக்காளத்தோடும் முரசோடும் இம்மெட்டாலேயே முடித்தார். இரண்டாம் பகுதியில் அதே மெட்டு ஒரு தாலாட்டுக்கு வழிகாட்டுகிறது. 1747இல் இசையறிஞர் கழகம் ஒன்றில் சேர்ந்தபோது, இதன்மேல் நுட்பமான மாறுபாடுகளை அமைத்து அக்கழகத்துக்கு அளித்தார். மழலையரின் பாட்டு மேதைகளின் ஆய்வுப் பொருளாயிற்று.

இவ்வளர்ச்சியை நாம் குறை கூறவில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மெட்டு மாறியபோது பாடல் மேன்மை பெற்றது. தூதனாக வேடம் பூணும் விளையாட்டோ பின்தங்கியது. இன்று ஓய்வுநாள் பள்ளிக்கென எளிய பாடல்களைத் தேடுகிறோம். அவற்றைப் பிள்ளைகள் பாட, பெரியோர் புன்னகையோடு கேட்டு அமர்கின்றனர். லூத்தரின் பாடலோ குழந்தைக்காகத் தாழ்த்தப்பட்டதன்று. மனுவுருவேற்பின் ஆழ்ந்த உண்மையைத் தகப்பனும் மகனும் ஒரே மூச்சில் பாடுமாறு அமைந்தது. பெற்றோர் தாமும் மகிழ்ந்து பாடாத பாட்டைப் பிள்ளைகள் நெடுநாள் காப்பதில்லை. பாலகனாய் வந்த ஆண்டவர் முன் பெரியோரும் சிறுபிள்ளைகளாவதே தகும் என்பதை, திருப்பணிக்கு ஆயத்தமாகும் நாம் நம் இல்லங்களிலேயே முதலில் கற்போமாக.