கடனோடு கப்பல் ஏறியவர்கள்

2019 ஜனவரியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் புதிதாக நான்கு சிலைகள் வந்து நின்றன. ராஃபிள்ஸ் வந்திறங்கியதன் இருநூறாம் ஆண்டு நினைவுக்காக வைத்தவை. சங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோருடன் வணிகர் நாராயண பிள்ளையும் அங்கே நின்றார். ராஃபிள்ஸ் துரைக்கும் பிள்ளைக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு: கடன்.

ராஃபிள்ஸ் பிறந்ததே கப்பலில்தான். 1781இல், ஜமைக்காவுக்கு அருகே, தகப்பனார் தலைமை தாங்கி ஓட்டிய கப்பல் அது. தகப்பனார் கடனில் மூழ்கிப்போக, பையன் படிப்பை விட்டு 14 வயதில் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தா ஆனான். பத்து ஆண்டு கழித்து, ஆண்டுக்கு 70 பவுன் வாங்கிக்கொண்டிருந்தவரைப் பினாங்குக்கு அனுப்பினார்கள். புதுச் சம்பளம் 1,500 பவுன். இங்கிலீஷ்காரர் ஏன் கடல் தாண்டினார் என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கு ஒன்றே பாதி பதில்.

மீதிப் பாதி கம்பெனியின் கணக்கு. சீனத்துத் தேயிலைக்குப் போய்வரும் கப்பல்கள் டச்சுக்காரர் பிடியில் இருந்த நீர்வழிகளைக் கடக்க வேண்டியிருந்தது. இடையில் ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. 1819 பிப்ரவரி 6 அன்று சிங்கப்பூரில் மலாய் சுல்தான் ஹுசேனோடும் தலைவர் தெமெங்கோங்கோடும் ராஃபிள்ஸின் ஒப்பந்தம் முடிந்தது. கடல் தாண்டியதிலும் வகை உண்டு. அமெரிக்காவுக்குப் போன வெள்ளையர் மதத்துக்கும் நிலத்துக்குமாகக் குடும்பத்தோடு போய் அங்கேயே வேர்விட்டார்கள். இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்ப நினைத்தவர்கள்.

அதே ஆண்டு மே மாதம், ராஃபிள்ஸின் இரண்டாவது வருகையின்போது, பினாங்கிலிருந்து கூடவே வந்தவர் நாராயண பிள்ளை. வந்த இடத்தில் வீடு கட்டச் செங்கல் இல்லை என்று கண்டதும் சூளை போட்டார்; பினாங்கிலிருந்து கொத்தனார், தச்சர்களை வரவழைத்தார். பிறகு துணி வியாபாரம். 1822இல் கடை எரிந்து கடன் கழுத்தை நெரித்தது. நேரே ராஃபிள்ஸிடம் போய் நின்றார். வணிகச் சதுக்கத்தில் இடம் கிடைத்தது. மீண்டு எழுந்த கையோடு சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனுக்கு 1827இல் கோயில் எழுப்பினார். முதலில் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான்.

ராஃபிள்ஸுக்கு அந்த மீட்சி வாய்க்கவில்லை. சுமத்ராவின் பென்கூலனில் நான்கு குழந்தைகளைப் புதைத்துவிட்டு ஊர் திரும்பியவரிடம் கம்பெனி 22,000 பவுனுக்கு மேல் பாக்கி கேட்டது. 1826இல், 45 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, இறந்தார்.

பென்கூலன் 1824 உடன்படிக்கையில் டச்சுக்காரருக்குப் போயிற்று. அங்கிருந்த இந்தியக் கைதிகளை என்ன செய்வது? சிங்கப்பூருக்குக் கப்பலேற்றினார்கள். 1825 ஏப்ரலில் இறங்கிய முதல் தொகுதியில் சென்னை மாகாணத்தார் 80 பேர். நம் ஊரில் ‘தீவாந்தரம்’ என்று நடுங்கிச் சொன்னார்களே, அந்தத் தண்டனைதான். ‘ஏன் ஊரை விட்டீர்கள்’ என்ற கேள்வியே இவர்களுக்குப் பொருந்தாது.

ஆனால் சிங்கப்பூரைக் கட்டியவர்கள் இவர்கள்தான். சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செங்கல் அறுத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயச் சுவரில் இவர்கள் பூசியது சென்னைச் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் அடித்துக் கலக்குவார்கள்; அதில் கிளிஞ்சல் சுண்ணாம்பு சேரும்; தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். மணல் கிடையாது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு கைக்குத் தெரியும்.

சுண்ணாம்புக் காளவாய்கள் சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்தன. அதனால் தமிழர் வாயில் அந்த வட்டாரம் ‘சுண்ணாம்புக் கம்பம்’ ஆயிற்று. இன்றைய லிட்டில் இந்தியாவுக்கு அப்படியொரு பெயர் இருந்ததை, அங்குள்ள தேக்கா சந்தையில் மீன் வாங்க நிற்பவர்களில் சிலரே கேள்விப்பட்டிருப்பார்கள்.

1873இல் மிச்சமிருந்த கைதிகளை அந்தமானுக்கு மாற்றினார்கள். விடுதலையானவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. மாட்டுவண்டி ஓட்டினார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று எருமை மாட்டின் பெயரை இன்னும் சுமக்கும் தெருக்கள் லிட்டில் இந்தியாவில் அடுத்தடுத்து இருக்கின்றன.