சுருண்டுகொள்ளும் சாது

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், உய்தா நகரின் அமலோற்பவ அன்னை பேராலயத்திற்கு எதிரே மலைப்பாம்புக் கோயில் ஒன்று உண்டு. வழிதவறி வீட்டினுள் நுழையும் பாம்பையும் அவ்வூரார் துன்புறுத்துவதில்லை.

அதே இனப் பாம்பு வேற்றூர்களில் விலைப்பொருள். அச்சம் நேர்ந்தால் தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், கடிப்பது அரிது. அச்சாந்தமே அதற்குக் கேடாயிற்று. அயல்நாட்டார் அதைச் செல்லப்பிராணியாக வளர்க்க விரும்பினர்.

பெனின், டோகோ, கானா நாடுகளில் ஏழை உழவர்கள் வளைகளைத் தோண்டி, முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் தாயையும் பிடித்து விற்கின்றனர். பண்ணைகளில் பொரிக்கும் குஞ்சுகள் வெளிநாடுகளுக்குப் பறக்கின்றன. 1975 முதல் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டவை மேற்கு ஆப்பிரிக்காவை விட்டுச் சென்றன.

தோண்டும் கரம் வறியவருடையது. அக்கரத்தை ஏவுவது தொலைதூர வீடொன்றில் கண்ணாடிப் பெட்டியருகே அமர்ந்திருக்கும் ஆசை. நம் ஆசைகள் யாருடைய வளையைத் தோண்டுகின்றன?