பன்னாட்டு வளர்ச்சிக் கழகம்

பன்னாட்டு வளர்ச்சிக் கழகம், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த கடன் நிறுவனம். உலகின் மிக ஏழை நாடுகளுக்கு வட்டியில்லாமலோ மிகக் குறைந்த வட்டியிலோ நீண்டகாலக் கடன் தருகிறது. திருப்பித் தர வேண்டாத மானியமும் தருகிறது. 1960 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. தலைமையகம் வாஷிங்டனில் உள்ளது. அரசுக் கோப்புகளும் நாளிதழ்களும் இதை ஐ.டி.ஏ. என்றே குறிக்கின்றன. ‘உலக வங்கிக் கடன்’ என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் பழைய திட்டங்களில் பல இந்தக் கழகத்தின் பணத்தில் நடந்தவை. தொடங்கிய நாள்முதல் 50,000 கோடி டாலருக்கு மேல் வழங்கியுள்ள இந்தக் கழகத்திடம் உதவி பெற இன்று எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகள் தகுதி பெற்றுள்ளன.

தோற்றம்

1944இல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் உலக வங்கி உருவானபோது, போரில் சிதைந்த ஐரோப்பாவைச் சீரமைப்பதே அதன் முதல் வேலையாக இருந்தது. முதல் கடன் 1947இல் பிரான்சுக்குப் போனது. தொகை 25 கோடி டாலர். வங்கி தன் பணத்தைச் சந்தையில் பத்திரம் விற்றுத் திரட்டியதால், கடன் வாங்கியவர்களும் ஏறக்குறைய சந்தை வட்டியையே கட்ட வேண்டியிருந்தது. மின் நிலையமோ ரயில் பாதையோ அமைத்தால் வருமானம் வரும், அதில் கடனை அடைக்கலாம். ஆரம்பப் பள்ளியும் குடிநீர்க் குழாயும் டாலர் சம்பாதித்துத் தருவதில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு அவசரமாகத் தேவைப்பட்டவையோ இவைதாம்.

இந்த முரண்பாட்டை முன்னதாகவே எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், காஞ்சிபுரத்தில் பிறந்த பொருளியலறிஞர் வி. கே. ஆர். வி. ராவ். ஐ.நா.வின் பொருளாதார வளர்ச்சித் துணை ஆணையத்துக்குத் தலைவராக இருந்த அவர், ஏழை நாடுகளுக்குச் சலுகைக் கடன் வழங்க ஐ.நா.வின் கீழேயே தனி அமைப்பு வேண்டும் என்று 1949இல் முன்மொழிந்தார். பணக்கார நாடுகள் இசையவில்லை. ஐ.நா.வில் நாட்டுக்கு ஒரு வாக்கு. பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் அங்கே சமம். கோரிக்கை பெயர் மாறி மாறிப் பத்தாண்டு நீடித்தது. 1958இல் அமெரிக்க செனட்டர் மைக் மன்ரோனி வேறொரு வழி காட்டினார்: சலுகைக் கடன் அமைப்பு இருக்கட்டும், ஆனால் அது உலக வங்கிக்குள் இருக்கட்டும். வங்கித் தலைவர் யூஜின் பிளாக் அதைச் செயலாக்கினார். உலக வங்கியில் வாக்கு, போட்ட பணத்தைப் பொறுத்தது. ஏழை நாடுகள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பணம் வந்தது, அதை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை வரவில்லை. கழகத்தின் பிற்காலச் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்து கிளைத்தவை.

முதல் கடன் 1961 மே மாதம் ஹோண்டுராஸுக்கு, நெடுஞ்சாலைப் பணிக்காக வழங்கப்பட்டது. தொகை 90 லட்சம் டாலர்.

கடனின் அமைப்பு

தொடக்ககாலக் கடனுக்கு 50 ஆண்டுத் தவணை. முதல் 10 ஆண்டு அசலில் எதையும் கட்ட வேண்டாம். அடுத்த 10 ஆண்டு, ஆண்டுக்கு அசலில் 1 சதவீதம். கடைசி 30 ஆண்டு, ஆண்டுக்கு 3 சதவீதம். வட்டி கிடையாது, நிலுவைத் தொகையில் ஆண்டுக்கு 0.75 சதவீதம் சேவைக் கட்டணம் மட்டும் உண்டு.

1977இல் சென்னை நகர வளர்ச்சிக்காக இந்தியா வாங்கிய 2.4 கோடி டாலரை இந்த நிபந்தனைகளோடு பொருத்திப் பார்க்கலாம். பத்தாண்டு வரை சேவைக் கட்டணம் மட்டும், ஆண்டுக்கு 1.8 லட்சம் டாலர் அளவில். பிறகு பத்தாண்டு, ஆண்டுக்கு 2.4 லட்சம் டாலர் அசல். அதற்குப் பின் முப்பதாண்டு, ஆண்டுக்கு 7.2 லட்சம் டாலர். கடைசித் தவணை 2027ஐத் தொடும். கடன் வாங்கிய ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது ஐம்பது வயது. திட்டத்தால் ஊர் வளர்ந்து, அந்த வளர்ச்சியிலிருந்து கடன் அடையட்டும் என்ற எண்ணமே இந்த நீண்ட தவணைக்கு அடிப்படை.

வட்டி இல்லை என்பதால் சுமையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கடன் அயல்நாட்டுப் பணத்தில் வருகிறது, அதிலேயே திரும்ப வேண்டும். 1977இல் ஒரு டாலர் 9 ரூபாய்க்கும் குறைவு. இன்று 80 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஏற்றுமதி பெருகாத நாட்டுக்கு இந்த ஏற்றம் தாங்க முடியாததாகலாம். இந்தியாவில் இன்னொரு படியும் இருந்தது. கழகம் மத்திய அரசுக்குக் கொடுத்த மலிவான கடன், மாநிலங்களுக்கு அதே நிபந்தனையில் வந்து சேரவில்லை. 2005 வரை பெரும்பாலான மாநிலங்களுக்கு அதில் 70 சதவீதம் மத்திய அரசின் வழக்கமான வட்டியோடு கடனாகவும், 30 சதவீதம் மானியமாகவும் வந்தது. நாணய மதிப்பு வீழ்ச்சியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டாம் நிதிக்குழு பரிந்துரைத்த பிறகுதான் வெளிநாட்டுக் கடன்கள் வாங்கிய நிபந்தனையிலேயே மாநிலங்களுக்கு மாற்றிவிடப்பட்டன, நாணய இடரும் சேர்த்து.

கழகத்தின் பெட்டி தானாக நிரம்புவதில்லை. கொடை நாடுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடி நிதி அளிக்கின்றன. பழைய கடன்கள் திரும்பி வரும் பணமும் அதில் சேர்கிறது. 2018இல் முதன்முறையாகக் கழகம் தன் பெயரிலேயே 150 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டது. 2024 டிசம்பரில் சியோலில் நடந்த கூட்டத்தில் கொடை நாடுகள் 2,370 கோடி டாலர் தர முன்வந்தன. அதை முதலாக வைத்துச் சந்தையில் கடன் திரட்டி, 2028 ஜூன் வரையான காலத்துக்கு 10,000 கோடி டாலர் வழங்கத் திட்டமிடப்பட்டது. அந்தக் கூட்டம் நடந்த தென்கொரியா ஒரு காலத்தில் இதே கழகத்திடம் கடன் வாங்கிய நாடு. 1973இல் கடன் வாங்குவதை நிறுத்தியது. 1977இல் கொடை நாடானது.

இந்தியாவும் கழகமும்

முதல் இருபது ஆண்டில் கழகம் தந்த கடனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு வந்தது. ‘இந்தியா வளர்ச்சிக் கழகம்’ என்று பிறர் குறைப்படும் அளவுக்கு இந்தப் பங்கு பெரிது. 1980இல் சீனா உலக வங்கியில் சேர்ந்ததும் அது சுருங்கத் தொடங்கியது. 2014இல் இந்தியா கழகத்தின் கடன் பட்டியலிலிருந்து விடுபட்டது.

சென்னையின் 1977ஆம் ஆண்டுத் திட்டம் சற்று விரித்துச் சொல்லத் தக்கது. அதற்கு முன் ஏழைகளுக்கு வீடு என்றால் அடுக்குமாடிக் குடியிருப்புதான். 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் அப்படித்தான் கட்டிவந்தது. ஒரு வீட்டுக்கு ஆகும் செலவும் காத்திருந்த குடும்பங்களின் எண்ணிக்கையும் ஒத்துவரவே இல்லை. புதிய திட்டம் வீட்டைக் கட்டித் தரவில்லை. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்து, தெருவும் குடிநீரும் சாக்கடையும் போட்டு, மனையைத் தவணை முறையில் கொடுத்தது. மீதி வீட்டைக் குடும்பம் தன் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளும். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த லாபத்தால் சிறு மனைகளின் விலை குறைக்கப்பட்டது. ஏற்கெனவே இருந்த குடிசைப் பகுதிகளில் மக்களை அப்புறப்படுத்தாமல், அங்கேயே வசதி செய்து, நிலத்துக்கு உரிமையும் தரும் பணியும் உடன் நடந்தது.

சில ஆண்டுகளில் இத்தகைய திட்டங்களின் மீது உலகெங்கும் குறைகள் குவிந்தன. மனைகள் காலியாகக் கிடக்கின்றன, நகருக்கு வெகு தொலைவில் இருக்கின்றன, ஏழைகள் விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றார்கள். உலக வங்கியும் இந்த முறையை மெல்லக் கைவிட்டது. ஆனால் சென்னை, மும்பை மனைப் பகுதிகளை மீண்டும் அலசிய ஓர் ஆய்வு, தோல்வி என்று முடிவு கட்டியது அவசரம் என்று 2018இல் காட்டியது. காலிமனைகள் நிறைந்துவிட்டன, ஓரறை வீடுகள் மாடி ஏறிவிட்டன, பல வருமான நிலையினர் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். அரும்பாக்கத்தில் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே ஆகிவிட்ட எம்.எம்.டி.ஏ. காலனியை இன்று பார்க்கிறவருக்கு, அது கழனியோரம் கல் நட்டுப் பிரித்த மனைப்பிரிவாகத் தொடங்கியது என்று நம்புவதே கடினம். ஐம்பது ஆண்டுத் தவணையில் கொடுத்த கடனுக்கு ஐந்தாறு ஆண்டில் தீர்ப்பு எழுதியதுதான் பிழை. வறுமைக் கடன்களைப் பற்றிய விவாதங்கள் பலவற்றில் இந்தப் பிழை இருப்பதாகவே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் 3.2 கோடி டாலர் கழகக் கடனோடு தொடங்கியது. குறிவைத்தது ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை. உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்த பெண் பணியாளர் மாதந்தோறும் குழந்தைகளை எடை பார்த்து அட்டையில் புள்ளி வைப்பார். எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு மட்டும், 90 நாள் அளவுக்குச் சத்து உருண்டை. எடை ஏறியதும் நிறுத்தம். அட்டையில் ஏறும் கோட்டைத் தாயே பார்த்துப் புரிந்துகொண்டதுதான் இதன் பலம். உணவுக்கு ஆன செலவு குறைவு, அறிவுரைக்கும் கண்காணிப்புக்கும் கொடுத்த கவனம் அதிகம். திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது; ஓரளவான குறைவை நீக்குவதில் அந்த வெற்றி கிட்டவில்லை. அதே காலத்தில், 1982 ஜூலை முதல், மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் எல்லாக் குழந்தைக்கும் சத்துணவு போட்டது. யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் என்பது ஒரு வழி, யாரையும் பிரிக்காமல் எல்லார்க்கும் என்பது இன்னொரு வழி. இரண்டும் ஒரே மாநிலத்தில் ஒரே நேரத்தில் நடந்தன. நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது இரண்டாவதுதான் என்பதையும், அதற்கு வெளிக்கடன் தேவைப்படவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும்.

2005இல் 12 கோடி டாலர் கழகக் கடனோடு வந்த புதுவாழ்வுத் திட்டத்தில், பணத்தைக் கையாளும் பொறுப்பு கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்களுக்கே தரப்பட்டது. அது வேரூன்ற முடிந்ததற்குக் காரணம், 1989இல் தர்மபுரியில் வேறொரு பன்னாட்டு நிதியின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே ஊர்தோறும் பரவியிருந்தது.

நிபந்தனைகளும் எதிர்ப்பும்

கொடுப்பவர் விதித்த நிபந்தனைகள் கசப்பையும் விளைத்தன. உலக வங்கியும் கொடை நாடுகளும் வற்புறுத்தியதன் பின்னணியில் 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆகக் குறைக்கப்பட்டது. எதிர்பார்த்த உதவி முழுதாக வரவில்லை. அந்த நினைவு டெல்லியில் நெடுநாள் ஆறவில்லை.

நர்மதையில் நடந்தது இதைவிடக் கொடியது. சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் உலக வங்கியும் கழகமும் சேர்ந்து 45 கோடி டாலர் ஒப்புக்கொண்டன. மூழ்கப்போகும் ஊர்களின் மக்கள், அவர்களில் பெரும்பகுதியினர் பழங்குடிகள், எங்கே போவார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்குகூட எடுக்கப்பட்டிருக்கவில்லை. மேதா பட்கர் முன்னின்ற போராட்டத்தின் விளைவாக பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில் தனிக்குழு அமைந்தது. அதன் 1992 அறிக்கை வங்கியையே குற்றம் சாட்டியது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா சொல்லிவிட்டது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்ட மக்கள் நேரடியாக முறையிட ஆய்வுக் குழு ஒன்றை வங்கி நிறுவியது. நிலத்தை இழந்தவர்கள் ஆற்றங்கரையில் நின்று வாங்கித் தந்த உரிமை அது. வங்கியின் தாராளம் என்று அதைச் சொல்வது அநியாயம்.

கடன் தள்ளுபடி

மலிவான கடனும் குவிந்தால் கழுத்தை நெரிக்கும். ஆப்பிரிக்க நாடுகள் பல 1980களில் பள்ளிக்கும் மருந்துக்கும் ஒதுக்க வேண்டியதைத் தவணைக்குக் கட்டின. 1996இல் கடன்பட்ட ஏழை நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டம் வந்தது. 1998 ஏப்ரலில் அதன் பயனை முதலில் அடைந்த நாடு உகாண்டா. 2005இல் தகுதியுள்ள நாடுகளின் கழகக் கடன் முழுவதையும் நீக்க முடிவாயிற்று. 2002க்குப் பின் மானியத்தின் பங்கும் கூடியது.

கடன் நீங்கி மிஞ்சும் பணம் உரிய இடத்தைச் சேருமா என்பதில் உகாண்டா கற்றுத்தந்த பாடம் ஒன்றும் உண்டு. 1990களின் முற்பகுதியில் அரசு பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளியைச் சென்றடைந்தது என்று ஓர் ஆய்வு கண்டது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்று நாளிதழில் அச்சிடத் தொடங்கினார்கள், பள்ளிச் சுவரிலும் ஒட்டினார்கள். சில ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. 1997இல் ஆரம்பக் கல்வி இலவசமானதும், 30 லட்சத்தை ஒட்டியிருந்த மாணவர் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது.

இன்றைய நிலை

இப்போது ஏழை நாடுகளின் கடனில் கழகம் ஒரு பங்காளி மட்டுமே. சீனாவின் வங்கிகளும் சந்தையில் பத்திரம் வாங்கியவர்களும் கூடுதல் வட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜாம்பியா 2020 நவம்பரில் பத்திரத் தவணை கட்ட இயலாமல் நின்றது. இலங்கை 2017இல் கழகத்தின் பட்டியலிலிருந்து விடுபட்டு, சந்தைக் கடனை நம்பிய பாதையிலேயே நடந்து, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் கழகத்தின் சலுகைக் கடனுக்குத் தகுதி பெற்றது. தொடக்ககாலத்துக்குப் பின் 40, 38 ஆண்டு என்று குறுகிவந்த தவணையும் பழைய நீளத்துக்குத் திரும்பியிருக்கிறது: கடன் நெருக்கடி இடர் நடுத்தரமாக உள்ள நாடுகளுக்கு, வட்டியோ சேவைக் கட்டணமோ இல்லாத 50 ஆண்டுக் கடன் 2022 ஜூலை முதல் வழங்கப்படுகிறது.