உருகுவதற்கென்றே ஓர் ஈயத் துண்டு

ராஜகுளத்தில் எங்கள் வீட்டு விளக்கு மாடத்தில், கட்டைவிரல் தடிமனில் ஒரு பித்தளைப் பிளக் இருந்தது. நடுவில் துளை. துளையை அடைத்திருந்த ஈயம் உருகி ஓடிவிட்டது. ஆயுதபூஜையன்று அரிவாள், மண்வெட்டியோடு அதற்கும் அப்பா பொட்டு வைப்பார். இப்போது அது என் பையில் இருக்கிறது. மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் தொடங்கும் நாளில் முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

அப்பா உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் ஃபயர்மேன். ஊறிய நெல்லை ஆவி விட்டு அவித்து, களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். அடுப்புக்கு அங்கேயே மலிந்து கிடக்கும் உமி. எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. பாய்லருக்குள் காரை கட்டும். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் கீழ்வழி காரையில் அடைத்துக்கொண்டால், உள்ளே தண்ணீர் இறங்கினாலும் கண்ணாடி பழைய மட்டத்தையே காட்டும். அதனால் வேலைக்கு வந்ததும் குழாயைத் திறந்து ஊதிவிட வேண்டும். ஒரு சம்பா அறுவடைக் காலத்தில் முந்தைய ஷிப்டில் யாரும் ஊதிவிடவில்லை. அப்பா வந்த சிறிது நேரத்தில் அடுப்புக்குள் ஓர் அலறல். பிளக்கின் ஈயம் உருகி, அந்தத் துளை வழியே ஆவி நெருப்பின்மேல் பாய்ந்தது. அடுப்பு அணைந்தது. மில் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“நடு சீசன்ல இப்படிப் பண்ணிட்டியேப்பா” என்றாராம் முதலாளி. புது பிளக் வரும்வரை ஓட்டையில் ஓர் இரும்பு போல்ட்டை முறுக்கிவிடச் சொன்னார். அப்பா மாட்டேன் என்று களத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் கூலி போயிற்று. அம்மா அதை வெகுகாலம் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிளக் அடுப்புக்கு நேர் மேலே உள்ள தகட்டில் இருக்கும். மேலே தண்ணீர் நிற்கும்வரை தகட்டின் சூடு ஆவியின் சூட்டைவிட அதிகம் ஏறாது. மில் பாய்லர்களில் அது 170 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். தண்ணீர் இறங்கி, தகடு வெறுமனே நெருப்பைத் தாங்கும்போது சூடு மளமளவென்று ஏறும். 327 டிகிரியில் ஈயம் உருகும். இரும்புத் தகடு இளகிக் கிழிவதற்கு முன்பே ஈயம் வழி விட்டுவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் வெளியே ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். தகடு கிழிந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகி இடம் தேடும்.

பொறியியல் என்றால் எதையும் வலுவாகச் செய்வது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். எந்த இடம் முதலில் தோற்க வேண்டும் என்று தேர்ந்து, அங்கே வேண்டுமென்றே வலுவைக் குறைத்துவைப்பதும் பொறியியல்தான். அதைக் கற்க மனிதர்கள் கொடுத்த விலை பெரிது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டே வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. பிற மாகாணங்களும் சட்டம் போட்டன. ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் 1923-ல்தான் வந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1905 மார்ச் 20 அன்று பிராக்டன் நகரத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் மாண்டார்கள். 1907-ல் அந்த நகரம் இருக்கும் மாநிலம் சட்டம் இயற்றியது. சாவுக்குப் பிறகே சட்டம் என்ற இந்த வரிசை எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

1923 சட்டத்தில் நான் மதிக்கும் விதி ஒன்று இருந்தது. பாய்லர் எத்தனை புதிதானாலும், அதை வைத்திருப்பவரே நல்லது என்று சொல்லிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். அந்தச் சான்றின் ஆயுள் அதிகம் போனால் ஓர் ஆண்டு. உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியம், பொன் வாரியம் என்று தனித்தனி வாரியங்கள் இருக்கின்றன. குடவோலையில் தேர்ந்தவர்களுக்குப் பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் அடுத்த முறை குடவோலைக்கு வர முடியாது. எங்கள் ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஏரிக்கரையோ பாய்லரோ, சோதிக்கிறவருக்குச் சொந்தபந்தம் குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் இருந்தும் விபத்து நின்றுவிடவில்லை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே மாதம் ஒன்று, ஜூலை முதல் தேதி இன்னொன்று. இரண்டு மாதத்துக்குள் ஒரே நிலையத்தில் இரண்டு முறை உயிர்கள் போயின. 2025-ல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. அதன் தாள்களைவிட, ஊதிவிடப்படாத கண்ணாடிக் குழாய்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பாய்லரையே பார்த்திராத மாணவர்களிடம் குக்கரைக் காட்டுகிறேன். 1679-ல் டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை வேகவைக்க ஒரு மூடிய பாத்திரம் செய்தார். அது வெடிக்காமலிருக்க எடை வைத்த வால்வு ஒன்றையும் பொருத்தினார். நம் அடுப்படியில் விசிலடிக்கும் வெயிட் அதன் வாரிசு. வெயிட் அடைத்துக்கொண்டால் காக்க, மூடியில் இன்னொரு சேஃப்டி பிளக் இருக்கிறது. அது அப்பாவின் பிளக்குக்குத் தம்பி. 2021 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை இந்தியாவில் விற்கக் கூடாது. ஆனால் முத்திரை கடை வாசல்வரைதான் காவல். வீட்டுக்கு வந்த பிறகு காவல் நாம்தான்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டு குக்கர் மூடியைத் திருப்பிப் பாருங்கள். சேஃப்டி பிளக் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கம்பெனியின் பிளக்தான் இருக்கிறதா, வேறு எதையாவது திணித்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால், சரியான பிளக் வாங்கிப் போடும்வரை அதை அடுப்பில் ஏற்றாதீர்கள்.