பாட்டனார் துப்பாக்கி

தென்காசிப் பக்கத்திலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. மலையடிவாரக் கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி புகாதிருக்கப் பாட்டனார் உரிமம் பெற்று வைத்திருந்தது. பின்னர் தமையனார் பெயருக்கு மாறியது. அவர் காலமான பின், மாதுங்காவில் எம்முடன் தங்கியிருக்கும் அவர் மகன், “சித்தப்பா, அதைச் செப்பனிட்டுத் தாருங்கள், வேட்டைக்குப் போக வேண்டும்” என்றான். அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இம்மலரில் எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் தென்பாண்டிப் பாளையங்களில் ஆயுதம் குடிகளின் கையில் இருந்தது. 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1-ல் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் விடுத்த பிரகடனம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்குக் காத்திருக்கச் செய்தது, வெள்ளையருக்கோ விலக்கு! குடகர் மட்டும் விலக்குப் பெற்றனர். அது இன்றும் தொடர்கிறது. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, இறப்புக்கு இரு வெடி. கைல்போல்து விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுவர். பாட்டன் துப்பாக்கி பேரனுக்கு வருவது அவர்களிடம் குலமரபு. நமக்கோ அது மனுப்போட்டுப் பெறவேண்டிய பொருளாயிற்று.

செப்பனிடுவதும் எளிதன்று. பழைய குழல்களுட் பல, இரும்பும் எஃகும் கலந்த நாடாக்களை முறுக்கி, தண்டின்மேற் சுற்றி, உலையிலிட்டு இணைத்தவை. டமாஸ்கஸ் குழல் என்பர். மேனியில் அலை அலையாய்க் கோலம் தெரியும், பார்க்க அழகு. ஆனால் அவை கருமருந்துக்கென ஆனவை. இணைப்புகளின் உள்ளே துரு ஒளிந்திருக்கும்; இக்காலப் புகையில்லா மருந்தின் அழுத்தத்தில் குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகக்கூடும். தோட்டா அறையின் நீளமும் பார்க்கவேண்டும்: பழையவை பல 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டா பெரும்பாலும் 70. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். குழலைத் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல் ஒலிக்கவேண்டும்; மந்தமாய் ஒலித்தால் இணைப்பு விட்டது என்று பொருள். நிலையத்தில் வண்டிச் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பதைக் கண்ட ரயில்வேக்காரனுக்கு இது புதிதன்று.

வேட்டையோ முடிந்த கதை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமத்தின் பேரில் சிறிது இடம் வைத்திருந்தது. 1991-ன் திருத்தம் அதையும் அடைத்தது. இதே பம்பாயில் 1908-ல் சலீம் அலி என்னும் சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினான். கழுத்தில் மஞ்சள் தீற்றிய அதன் பெயரறிய இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனவன், பறவையியல் அறிஞனாகவே வெளிவந்தான்.

1959-ன் ஆயுதச் சட்டப்படி, உரிமையாளர் இறந்தபின் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். வாரிசு தன் பெயரில் தனியே உரிமம் கோரலாம். சென்ற விடுமுறையில் இருவரும் ஊர் சென்று வணிகரிடம் ஒப்படைத்தோம். ரசீதில் “துப்பாக்கி ஒன்று, பழையது” என எழுதினார். பையன் குழலைத் தட்டிக் காட்டச் சொன்னான். அவர் தட்டினார், மணிபோலவே ஒலித்தது.