மின்னேரியாப் புல்வெளியும் நமது வயலும்

மின்னேரியாவுக்குப் போகும் நாம் எல்லோரும் யானையைத்தான் பார்க்கிறோம். குளத்தைப் படம் எடுப்பவர்கள் குறைவு. ஏறத்தாழ 1,700 வருடங்களுக்கு முன் மகாசேன மன்னன் வயலுக்காகக் கட்டிய குளம் அது. சுற்றியுள்ள காடு 1938இல் சரணாலயமாகி, 1997இல் தேசியப் பூங்காவானது.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கத் திறக்கக் குளம் வற்றும். வற்றிய தரையில் இளம்புல் முளைக்கும். காடு காய்ந்து கிடக்கும் ஓகஸ்ட், செப்டெம்பரில் நூற்றுக்கணக்கான யானைகள் குட்டிகளோடு வந்து சேர்வது அந்தப் புல்லுக்காகத்தான். பூங்காவைக் காப்பது வனஜீவராசிகள் திணைக்களம். புல்லை வளர்ப்பது துருசைத் திறப்பவர் என்றுதான் சொல்ல வேண்டும்!

மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு கோடையிலும் இக்குளத்துக்குத் தண்ணீர் வருகிறது. புல்வெளி மூழ்கிய வருடங்களில் யானைகள் குறைவாகவே கூடின. பசித்த யானை எங்கே போகும்? வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும்தான்.

மின்னேரியாத் தண்ணீர் யோத எல வழியாக நமது கந்தளாய்க் குளத்துக்கும் வருகிறது. ஆகவே தண்ணீரைக் குறையுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம், நமது பிள்ளைகளின் சோறு அது. கோடையில் எந்த வாரம், எவ்வளவு உயரத்துக்கு நிரப்புவது என்பதே கேள்வி. அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் விவசாயிகளோடு வனஜீவராசிகள் அதிகாரிக்கும் ஒரு கதிரை போடச் சொல்லி நமது விவசாயச் சங்கங்கள் கேட்கலாமே?